முடிச்சுக் கயிறு

ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் பொன்னாடை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். நானாகக் கேட்டு வாங்கி வந்தது ஒரு கயிறு. 12 கஜம் நீளம். மூன்றாவது கஜத்தில் ஒரு முடிச்சு, ஏழாவதில் ஒரு முடிச்சு. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒருவன் பிடிக்க, முடிச்சுக்கு ஒருவனாக இரண்டு பேர் விறைப்பாக இழுத்தால், முதல் முடிச்சில் பிசகாத ஒரு மூலை கிடைக்கும். மூன்று, நான்கு, ஐந்து. கடைக்கால் போடும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இந்தக் கணக்குதான். 1981லிருந்து 2016 வரை, 35 வருஷம், டிரில் மாஸ்டராக இந்தக் கயிற்றை வைத்துத்தான் கால்பந்து மைதானத்துக்குக் கோடு போட்டேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய தென்னார்க்காட்டில், கடலூர்ப் பக்கம், கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்று. அது போதும். அங்கே பட்ட கசப்பும் ஒன்றிரண்டு இதில் வரும். சோறு போட்ட இடத்தைப் பெயர் சொல்லிக் குறை பேச மனம் வரவில்லை.

எனக்கு ஊர் திருநாவலூர். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம், கெடிலத்தை ஒட்டின ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம், 1993க்கு முன்னால் தென்னார்க்காடு. வீடு மாறாமலே மூன்று மாவட்டத்துக்காரன் ஆனேன். ஊருக்குப் பெருமை சுந்தரர். அவர் கல்யாணத்தன்று பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வந்து ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்குப் பேசிய கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்து நீட்டினார். வழக்கு அங்கேயே முடிந்தது. சிவபெருமானாகவே இருந்தாலும் அசலைக் காட்டாமல் ஜெயிக்க முடியவில்லை. கேட்டு வளர்ந்த கதைதான், ஆனால் எனக்கு உறைத்தது 38 வயதில், ஒரு கால்பந்து மைதானத்தில். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

1969ல் ஆறாம் வகுப்புக்கு நைனா என்னை அந்தப் பள்ளியின் போர்டிங்கில் சேர்த்தார். கரும்பு வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் பணம் இருந்த சமயம். தகரப்பெட்டியை என் தலையில் வைத்து, ‘சாமியாருங்ககிட்ட விட்டாத்தான் நீ உருப்படுவ’ என்று ஒரே வரியில் முடித்தார். நாங்கள் சைவம், வீட்டில் விபூதி இல்லாமல் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். போர்டிங்கில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியற்காலையில் மணி அடித்தால் வேதக்காரப் பையன்கள் கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் ஸ்டடிக்குப் போவோம். சாயங்காலம் நாலரை மணிக்கு அடிக்கிற மணிக்கு மட்டும் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவோம்.

முந்நூறு பையன்கள், நான்கு பந்துகள். முதல் மூன்று மாதம் பந்து என் காலில் பட்டதாக நினைவே இல்லை. ஆனாலும் ஓடினேன். கூட்டம் எங்கே போகிறதோ அங்கே ஓடுவதுதான் அப்போது கால்பந்து. வார்டன் சாமி அங்கியைத் தூக்கி இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு எங்களோடு சென்டர் ஹாஃப் ஆடுவார். காலையில் கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் போட்ட அதே சாமியைச் சாயங்காலம் தோளால் இடித்துப் பந்தைப் பிடுங்கலாம். அதற்குத் தண்டனை கிடையாது. அந்த வயதில் இதைவிடப் பெரிய சுதந்திரம் எனக்குத் தெரியாது. புளியமரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு கிழட்டுப் பிரெஞ்சுச் சாமியார் உட்கார்ந்திருப்பார். தமிழ் பேசுவார், ஆனால் ஆட்டம் சூடு பிடித்தால் ‘பாஸ்! பாஸ்!’ என்றுதான் கத்துவார். இங்கிலீஷில் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிரெஞ்சிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்று புதுச்சேரிப் பையன் ஒருவன் பின்னால் சொன்னான். 1863ல் லண்டனில் இங்கிலீஷ்காரர்கள் கூடி விதி எழுதிய விளையாட்டு, எங்கள் புழுதிக்கு வந்து சேர்ந்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் தொண்டை வழியாக.

ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கும். அடித்ததும் மைதானம் அப்படியே நிற்கும். ஓடுகிறவன் ஓடிய இடத்தில், கோலி கையை விரித்த நிலையில். வேதக்காரப் பையன்கள் சிலுவை போட்டுக்கொண்டு செபம் சொல்வார்கள், மற்றவர்கள் தலை குனிந்து நிற்போம். ஒருநாள் நான் லெஃப்ட் அவுட்டிலிருந்து உள்ளே வெட்டி அடித்தேன். பந்து காலை விட்டுக் கிளம்பியதும் மணியின் முதல் அடி விழுந்தது. கோலி சிலுவை போட்டுக்கொண்டு நின்றுவிட்டான். பந்து நிதானமாக உருண்டு அவன் காலோரமாக உள்ளே போனது. செபம் முடிந்ததும் சண்டை. வார்டன் சாமி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ‘மணியோசைக்குள்ள போனது கோல் இல்ல’ என்று தீர்ப்புச் சொன்னார். எந்த விதிப் புத்தகத்திலும் அது கிடையாது. எனக்கு இன்னும் அந்தக் கோல் மேல் ஒரு கண் உண்டு.

கத்தோலிக்கப் பள்ளிகளில் மைதானத்துக்கு ஏன் இந்த மரியாதை என்று பின்னால் யோசித்திருக்கிறேன். இத்தாலியில் தொன் போஸ்கோ தெருப்பையன்களைச் சேர்த்துப் பள்ளி நடத்தியபோது, விளையாட்டு நேரத்தில் ஆசிரியர் பிள்ளைகளோடேயே இருக்க வேண்டும் என்பதை ஒரு முறையாகவே வகுத்தார். அவருடைய சபையார் இந்தியாவுக்கு வந்து முதலில் இறங்கியது நம் தஞ்சாவூரில், 1906ல். எங்கள் பள்ளி அவர்களுடையதில்லை, மறைமாவட்டச் சாமியார்களுடையது. ஆனால் பழக்கம் ஒன்றுதான். பையனைச் சும்மா விட்டால் கெடுவான், அறைக்குள் அடைத்தாலும் கெடுவான், ஆகவே உருண்டையாக ஒன்றைக் கொடுத்து ஓடவிடு.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் நான் படித்தபோது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருந்தார். அந்தக் கல்லூரி 1920ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. நம் நாட்டு டிரில் மாஸ்டர்களுக்கெல்லாம் தாய்வீடு. நண்பர் சென். பற்றிக்ஸ், இளவாலை சென். ஹென்றிஸ் என்று தன் பக்கத்துப் பள்ளிகளின் கால்பந்தைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அங்கேயும் இதே அங்கி, இதே மணி. குமரிக் கரையில் தூத்தூர்ப் பக்கம் போனால் பங்குக்கோயிலுக்கு எதிரேயே மணலில் கோல் கம்பம் நிற்கும். ஐ.எஸ்.எல். வரைக்கும் போன மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் சகோதரர்கள் அந்தக் கரையின் இரவிபுத்தன்துறைக்காரர்கள்தான்.

பந்துக்கு வருகிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பந்து தெரியாது. தோல் பட்டைகளை வாரிழுத்துத் தைத்திருப்பார்கள். ஒரு பக்கம் வாய் இருக்கும். அதற்குள் ரப்பர் பிளாடரைத் திணித்து, காற்றடித்து, பிளாடரின் வாலை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி உள்ளே தள்ளி, ஷூவுக்குப் போடுவது போல் வாயை லேஸால் இழுத்துக் கட்ட வேண்டும். வால் சரியாக மடங்காவிட்டால் பந்துக்கு ஒரு பக்கம் கொப்புளம் வந்துவிடும், உதைத்தால் கோணல்மாணலாகப் போகும். லேஸ் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். ஹெட்டிங்குக்கு எழும்புகிறவன் லேஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துத்தான் எழும்புவான். மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். விதிப்படி பந்தின் எடை 410லிருந்து 450 கிராம். அடைமழையில் எங்கள் பந்தை மளிகைக்கடைத் தராசில் வைத்திருந்தால் கடைக்காரர் சிரித்திருப்பார்.

தையல் பிரிந்த பந்தைத் தைப்பது என் வேலை. செருப்புத் தைக்கிறவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மெழுகு பூசின நூல், இரண்டு ஊசி, ஒரே ஓட்டையில் இரு பக்கமிருந்தும் போக வேண்டும். இழுப்பு இரண்டு கையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கை ஓங்கினால் பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஜலந்தரிலிருந்து வரும் புதுப் பந்து பெட்டிக்குள் ஆண்டுவிழாவுக்குக் காத்திருக்கும். நான் தைத்த பந்துகள்தான் தினமும் உழைக்கும். ஒரு பந்தில் நாலாவது முறை தையல் போட்டதை எண்ணியிருக்கிறேன். அதற்குப் ‘பாட்டி’ என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

நான் ஆடின காலம் வரை வெறுங்கால்தான். ஆங்க்லெட் வைத்திருந்தவன் பணக்காரன். 1911ல் மோகன் பகான் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியபோது அந்த அணியில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 2–1 என்று ஒரு கோலில்தான் தோற்றார்கள். 1952ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10–1 என்று துவைத்தபிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. பட்டணத்தில் ஆனது, எங்களுக்கு வந்து சேர இன்னும் 30 வருஷம் பிடித்தது. 1983ல் முதன்முதலாக 11 ஜோடி பூட்ஸ் வந்தபோது அணியே விழுந்து எழுந்தது. தரையைத் தொடாமல் பந்தை எப்படி உணர்வது என்று தெரியாமல் நொண்டினார்கள். இரண்டு வாரம் பயிற்சியில் ஒவ்வொருவனுக்கும் ஒற்றை பூட்ஸ்தான் கொடுத்தேன், அதுவும் உதைக்க வராத காலில். வெறுங்கால் தரையைப் பார்த்துக்கொள்ளும், பூட்ஸ் கால் பந்தைக் கற்றுக்கொள்ளும். இந்த யோசனையை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 22 பையன்களுக்கு 11 ஜோடி இருந்ததால் வந்த ஞானம்.

கோல் வலைக்குத் தேவனாம்பட்டினம் போவேன். கிழிந்த மீன்வலையை அங்குள்ளவர்கள் சும்மாவே கொடுத்துவிடுவார்கள், முடிந்து தருவதற்குத்தான் டீ, பன். கோல் 8 கஜம் அகலம், 8 அடி உயரம் என்றால் மனசாலேயே கண்ணி எண்ணிவிடுவார் ஒரு பெரியவர். ‘எவ்ளோ பெரிய மீனு மாஸ்டர் புடிக்கப் போற?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பார். புது வலை கட்டின முதல் வாரம் மைதானத்தில் கருவாட்டு வாசனை அடிக்கும். கோலி மட்டும் முகத்தைச் சுளிப்பான்.

கோட்டுக்கு முதலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பால்டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கயிறு போன வழியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். சறுக்கி விழுந்தவன் தொடையில் சுண்ணாம்பு ஏறி வெந்துவிடும் என்பதை ஒரு பையன் துடித்தபிறகு கற்றுக்கொண்டேன். அதன்பிறகு சாக்பவுடர்.

சுண்ணாம்பைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன். ஆட்டத்தின் நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் வயிறு பிடிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். வாய் கொப்பளித்துத் துப்பலாம், விழுங்கினால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. ஒரு ஏப்ரல் மாதம், கோச்சிங் கேம்ப், மூன்றரை மணி வெயில். ரைட் பேக் ஆடிய பையன் ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான், என்னைப் பார்த்தான், ‘சார், மணி அடிச்சிட்டாங்களா?’ என்று கேட்டுவிட்டுச் சரிந்தான். பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டவில்லை, ‘நீங்க வெயில்ல நின்னா தண்ணி குடிப்பீங்களா மாஸ்டர்?’ என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் மண்பானை.

இப்போது மூல ஓலை.

கல்வராயன் மலையிலிருந்து போர்டிங்குக்குப் பையன்கள் வருவார்கள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். ஏறி இறங்கி உரமேறிய கால், மூச்சு வாங்கவே வாங்காது. அவர்களில் ஒருவனை எல்லோரும் ‘வெள்ளிமலை’ என்றே கூப்பிட்டார்கள், அவன் ஊர்ப் பெயர். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். அதுவரை பந்தைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறான். வேப்பமரக் கிளையில் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிட்டு ஹெட்டிங் பழக்குவேன். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முட்டுவார்கள். அவன் கண்ணைத் திறந்தபடி, பந்து வரும்வரை காற்றில் நிற்பது போல் நிற்பான். ஒரே வருஷத்தில் சென்டர் ஃபார்வர்ட். 35 வருஷத்தில் அப்படி ஒரு பையனை நான் பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

1996ல் சீனியர் பிரிவு மாவட்டப் போட்டி. அரையிறுதியில் அவன் இரண்டு கோல் அடித்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணி மாஸ்டர் அமைப்புக் குழு மேசைக்குப் போய்ப் புரொடெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பையனுக்கு வயது கூட என்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிமலைக்கு மீசை அரும்பி, தாடையில் கறுப்பு இறங்கியிருந்தது. நானே எதிரணியில் இருந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

வயது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிவிடுவார். என் வகுப்பிலேயே பாதிப் பேர் ஜூன் 1ல் பிறந்தவர்கள், நான் உட்பட. கை நீளமான பிள்ளை நாலு வயதிலேயே ஐந்து வயது ஆகிவிடும். வெள்ளிமலைக்குக் கை முழங்கால் வரை தொங்கும். என் கணக்குப்படி அவன் சான்றிதழில் இருந்ததைவிடச் சின்னவன்.

மேசையில் என்னிடம் இருந்தது ஜெராக்ஸ். அதில் பிறந்த வருஷம் மங்கியிருந்தது, 9ஆ 8ஆ என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். போர்டிங் அலுவலகத்தில் அசலைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு பீரோவில் எவருடைய அலட்சியத்திலோ போய்விட்டது. மறுநாள் காலை 10 மணிக்கு இறுதி ஆட்டம். அதற்குள் அசல் வந்தால் ஆடலாம், இல்லாவிட்டால் அரையிறுதியும் சேர்ந்து போகும். சாயங்காலமே பஸ் ஏறினேன். பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி. போய் இறங்கியபோது மலைக்குப் போகும் கடைசி பஸ் போயிருந்தது. ஸ்டாண்டில் படுத்து, விடியற்காலை முதல் பஸ்ஸில் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளிமலையில் பள்ளித் தலைமையாசிரியர் 9 மணிக்கு வந்தார். நல்ல மனுஷர். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, ஈரவிரலால் தாள் தள்ளி, காட்டினார். மசியில் தெளிவாக இருந்தது. தகுதியான வயதுதான். சான்று எழுதி, சீல் வைத்து, ஊதிக் காயவைத்துக் கையில் கொடுத்தார். நான் கடலூர் வந்து இறங்கியபோது மணி இரண்டரை.

மைதானத்தில் பரிசளிப்புப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களை நீக்கிவிட்டு அரையிறுதியில் தோற்றவர்கள் இறுதி ஆட்டம் ஆடி, கோப்பையையும் வாங்கிப் போய்விட்டார்கள். என் பையன்கள் வேலியோரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிமலை என் கையிலிருந்த தாளை வாங்கி முழுசாகப் படித்தான். ‘சார், ஜூன் ஒண்ணாந் தேதியா நான் பொறந்தேன்? எங்க அம்மா மழைக்காலம்னு சொல்லும்’ என்றான். அவ்வளவுதான் அன்றைக்கு அவன் பேசினது. என் ஊர்க் கிழவர் சரியான நேரத்துக்கு மூல ஓலையோடு போய்ச் சேர்ந்தார் என்றால் அவருக்கு மலை பஸ் கிடைத்திருக்கிறது.

அவன் பத்தாவதோடு நின்றுவிட்டான். இன்னொரு வருஷம் இருந்திருந்தால் மாநில அணி என்று நான் சொல்வது, கைக்கு எட்டாததைப் பற்றிச் சொல்வதுதான். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அடித்த கோலுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். இந்த இரண்டு பெயரையும் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் பையன்களிடம் சொல்வேன். நம்மவர்கள் போயிருக்கிறார்கள், வழி இருக்கிறது என்று. எங்கள் அலமாரியில் வெள்ளிக் கோப்பைகள் நிறைய இருந்தன. நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று மலரில் அச்சடித்தோம். எங்களிலிருந்து ஒருவனும் இந்திய ஜெர்சி போடவில்லை.

போட்டது யார்? கடலூர்ப் பெண். இந்துமதி கதிரேசன். 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக அவர் கோல் அடித்தார். அன்று ஓய்வு பெற்று சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். சுனாமிக்குப் பிறகு கடலூரில் ஒரு சின்ன வட்டம் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாதிரி மணிக்கூண்டும் புளியமரமும் அவர்களுக்குக் கிடையாது. 2018ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரையே தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கினார்கள், 2023ல் மறுபடியும். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட இடம் கேட்டுப் பெண்பிள்ளைகளோடு ஒரு மாஸ்டர் வந்ததும், ஆண்கள் பள்ளி, வழக்கமில்லை என்று நானே கேட்டில் நின்று சொல்லி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. எந்த வருஷம் என்பதுகூட மறக்கவில்லை, எழுதத்தான் கை வரவில்லை.

நான் இருந்த கடைசி ஆறு வருஷத்தில் மைதானம் சுருங்கிவிட்டது. வடக்குப் பக்கம் புதுக் கட்டடம், கிழக்கே பள்ளி வேன்கள் நிற்க இடம். ஒன்பது பேர் வைத்து ஆடினோம், பிறகு ஏழு பேர். நாலரை மணிக்கு மணி அடிக்கும்போது பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிடும். யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெற்றோர் கேட்டார்கள், பள்ளி கொடுத்தது. நைனாவும் பந்து உதைக்க என்னைப் போர்டிங்கில் சேர்க்கவில்லை.

போன வருஷம் வெள்ளிமலையிடமிருந்து போன் வந்தது. 28 வருஷம் கழித்து. குரல் தடித்திருந்தது, ‘சார்’ மட்டும் அதே சார். ஊரிலேயே விவசாயம், மரவள்ளி போட்டிருக்கிறான். ‘பசங்க ஆடுறாங்க சார். பொண்ணுங்கதான் அதிகம். என் பொண்ணும் ஆடுது. பம்பு இருக்கு, ஊசி ஒடைஞ்சி போச்சு. கள்ளக்குறிச்சியில கேட்டா சைக்கிள் பம்பு ஊசி குடுக்கறான்’ என்றான். ஊசிக்காக ஒருவன் 28 வருஷம் கழித்துக் கூப்பிடுவான் என்றால் அதைத் தபாலில் அனுப்ப முடியுமா?

அரை டஜன் ஊசி, நான் தைத்த இரண்டு பந்து, தேவனாம்பட்டினம் வலை, கயிறு. மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர் லக்கேஜ் போட்டார், மீன் வியாபாரமா என்றும் கேட்டார். அதே கச்சிராயபாளையம், அதே கொண்டை ஊசிகள். இந்த முறை கடிகாரம் பார்க்கவில்லை, மணி எத்தனையானாலும் போய்ச் சேரலாம்.

மைதானம் என்றால் கம்பு அறுத்த சரிவு, ஒரு பக்கம் ஓரடி தாழ்வு. மூங்கில் கோல் கம்பம். பதினைந்து பிள்ளைகள், பூட்ஸ் நாலு பேருக்கு. முதலில் கோடு போடுவோம் என்று கயிற்றை எடுத்தேன். அவன் மகள் ஒரு முடிச்சு, இன்னொரு பெண் ஒரு முடிச்சு, முனையை நான். விறைப்பாக இழுத்து, மூலையில் முளை அடித்தோம். வெள்ளிமலை பக்கத்தில் நின்று மற்ற பிள்ளைகளுக்கு ‘இது எங்க சாருடைய கயிறு, ஒரு இம்மி பிசகாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தில் படித்த கணக்கு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டிலிருந்து டேப் கொண்டு வந்தாள். மூன்று கஜப் பக்கத்தை அளந்தாள், சரி. ஐந்து சரி. நான்கு கஜப் பக்கத்தில் டேப்பை வைத்து, மறுபடி வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

‘தாத்தா, இது ஒரு சாண் கூட வருது.’

வாங்கிப் பார்த்தேன். கூடத்தான் வந்தது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் எப்போதோ ஓர் இடத்தில் இழை தளர்ந்து இழுபட்டிருந்தது. எந்த வருஷம் என்று தெரியாது. எத்தனை இறுதி ஆட்டத்துக்கு மூலை கோணின மைதானம் போட்டேன் என்றும் தெரியாது. ஒரு மாஸ்டரும் அதற்கு மட்டும் புரொடெஸ்ட் எழுதிக் கொடுத்ததில்லை.

வெள்ளிமலை தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அடித்த முளையைப் பிடுங்கச் சொன்னேன். இரண்டு முடிச்சையும் பல்லால் இழுத்து அவிழ்த்தேன், இறுகிப் போயிருந்தன. அவள் டேப்பை நீட்டிப் பிடித்தாள்.